உயிர்ச்சேதம் இல்லை: ஒரு குடோன் தீயும் என் கடை பில் புத்தகமும்

மறுநாள் பேப்பரில் ஏழெட்டு வரி வந்திருந்தது. மின்கசிவு, லட்சக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருட்கள் எரிந்து நாசம், தீயணைப்பு வீரர்கள் பல மணி நேரம் போராடித் தீயை அணைத்தனர், அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை. எல்லாம் சரிதான், யாரும் சாகவில்லை. ஆனால் அந்தப் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள், தொண்டையைச் செருமிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும். அடுத்த மூன்று வாரம் அப்படித்தான் போனது. பேப்பர்காரர் எழுதி முடித்த இடத்தில்தான் என் பில் புத்தகம் ஆரம்பிக்கிறது.

நான் டாக்டர் இல்லை. டி.பார்ம் படித்துவிட்டு, பேர்ணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் இடைப்பட்ட ஒரு ஊரில் பதினைந்து வருடமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறவன். ஊர்ப்பெயர், கம்பெனிப் பெயர் இரண்டையும் விட்டுவிடுகிறேன். இந்தப் பக்கம் எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே தெருவுக்குப் பின்னால் ஒரு குடோன் இருக்கும், பெயர் போட்டால் அந்த ஒரு குடோனோடு பேச்சு முடிந்துவிடும். மருந்துக்கடைக்காரன் எழுதுவதால் இதில் எக்ஸ்ரேயும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. யார் எந்த நாளில் என்ன கேட்டு வந்தார்கள், நான் என்ன கொடுத்தேன், எங்கே தப்பு செய்தேன், அவ்வளவுதான்.

உள்ளே இருந்த சரக்கு

முதலில் குடோனில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர் வாடகைக்கு எடுத்திருந்த இடம். ஷூ மேல்பாகம் வெட்டியது போக மிஞ்சிய தோல் துண்டுகள் மூட்டை மூட்டையாக, பியூ (பாலியூரித்தேன்) சோல், ஈவிஏ என்கிற நுரை ஷீட், ரெக்ஸின் சுருள், ஒட்டுகிற சொல்யூஷன் டின்கள், அட்டைப்பெட்டி, பாலிதீன் கவர். இதெல்லாம் எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அன்று ராத்திரி தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் "உள்ள இன்னா இருக்குது?" என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டேதான் தண்ணீர் அடித்தார்கள். "ஷூ சாமான் சார்" என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

ஷூ சாமான் என்று ஒரு பொருள் கிடையாது. தோல் புரதம், நைட்ரஜன் உள்ள சரக்கு. அதுவும் பாலியூரித்தேன் சோலும் காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். ரெக்ஸின் பெரும்பாலும் பிவிசி பூசிய துணி, அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு, ஈரத்தில் பட்ட நிமிடம் அது அமிலம், நம் கண்ணும் தொண்டையும் ஈரம்தானே. ஷூ ஒட்டும் சொல்யூஷன் பலவும் நியோப்ரீன் ரப்பரில் செய்தவை, அதிலும் குளோரின் உண்டு, கூடவே எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்கள். டின்கள் வெடித்த சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டதாம், கல்யாணத்துக்கு வேட்டு போடுகிறார்கள் என்று நினைத்தார்களாம்.

இது அத்தனைக்கும் பொதுவானது புகைத்தூள். அதில் ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத பிஎம் 2.5 என்கிற நுண்தூள், நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைப் பிடித்து நிறுத்தாது, நுரையீரலின் கடைசிப் பை வரை போகும், ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் புகை என்றால் இருமல் மட்டும் என்று நினைக்கக்கூடாது, மாரடைப்பும் பக்கவாதமும் புகை நாட்களில் கூடுகின்றன. ஒரு நாள் சராசரியாக கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரைக்கும் இருக்கலாம் என்பது இந்தியாவின் அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை 15 என்று வைத்தது. எங்கள் தெருவில் அளக்க ஒரு கருவியும் வரவில்லை. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டிதான் எங்கள் கருவி, காலையில் அது சாம்பல் நிறம்.

கொழுந்தும் கனலும்

தை மாதக் கடைசி. எங்கள் பக்கம் இரண்டு பக்கமும் மலை, அந்தச் சமயத்தில் விடிகாலையில் ரோட்டில் பத்தடி தள்ளி வருகிற வண்டி தெரியாது. தீப்பிடித்தது ராத்திரி பதினொன்றரை வாக்கில். கொழுந்து விட்டு எரிந்த அந்த மூன்று நான்கு மணி நேரம் பார்க்கத்தான் பயங்கரமாக இருந்தது, புகை நேராக மேலே போய் எங்கேயோ கலைந்தது. மூன்று தெரு மக்களும் வெளியே நின்று செல்போனில் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். பெரிதாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விடியற்காலையில் கொழுந்து அடங்கியது, வண்டிகள் கிளம்பின, "ஆஃப் ஆயிடுச்சு" என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அப்புறம்தான் புகை ஆரம்பித்தது. தோல் மூட்டைகளும் சோல் அடுக்குகளும் வெளியே நனைந்து உள்ளே கனன்றுகொண்டே இருந்தன, ஐந்து நாள். விறகடுப்பு ஊதியவர்களுக்கு இது புதிது இல்லை: நன்றாக எரிகிற அடுப்பு அழவைக்காது, ஈர விறகு புகைகிற அடுப்புதான் அழவைக்கும். சூடு குறைவு, காற்று போதாது, அதனால் அரைகுறையாக எரிந்து ஒரு கிலோ சரக்குக்கு வரும் புகைத்தூளும் கார்பன் மோனாக்சைடும் பல மடங்கு அதிகம். அதோடு, சூடு இல்லாத புகைக்கு மேலே ஏற வேகம் கிடையாது. இந்த மலைப்பள்ளத்தில் குளிர்கால ராத்திரியில் கீழே குளிர்ந்த காற்று, அதற்கு மேல் மூடி போட்ட மாதிரி வெதுவெதுப்பான காற்று. புகை அந்த மூடிக்கு அடியில் தெருவிலேயே படுத்துக்கொள்ளும். வெயில் ஏறிப் பத்து மணிக்குத்தான் அது கலையும், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்ப வந்துவிடும்.

பில் புத்தகத்தில் இது அப்படியே தெரிகிறது. முதல் நாள் காலை கண் சொட்டு மருந்து, தொண்டைக்கு மிட்டாய் மாதிரி சப்பும் மாத்திரை, தலைவலி மாத்திரை. இரண்டாம் நாளிலிருந்து இருமல் சிரப், செட்ரிசின். மூன்றாம் நாள் ராத்திரி இன்ஹேலர், பொடியாக உறிஞ்சும் ரோட்டாகேப், பழைய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், "போன வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் தேவைப்படுது". கடையில் வழக்கமாக ஒரு மாதம் ஓடும், மூச்சுக்குழாயை விரிக்கும் சல்ப்யூட்டமால் இன்ஹேலர் நாலாம் நாளே தீர்ந்து, வேலூருக்கு ஆள் அனுப்பினேன். தீ எரிந்த ராத்திரியில் விற்றதைவிடத் தீ "அணைந்த" பிறகு விற்றதுதான் அதிகம். இதைச் சொன்னால் பக்கத்து டீக்கடை பாய் சிரித்தார், "உனக்கு வியாபாரம்பா" என்று. வாய் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் ஒரு வகையில் உண்மை.

98 காட்டிய மெஷின்

இது என் தப்பு, அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

குடோனில் லோடு ஏற்றும் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது இருக்கும். தீப்பிடித்ததும் பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே போய் முடிந்த வரைக்கும் பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறான், முதலாளியின் சரக்கு ஆயிற்றே. காலை எட்டு மணிக்குக் கடைக்கு வந்தான். மண்டை பிளக்கிற தலைவலி, இரண்டு தடவை வாந்தி. "ராத்திரி தூங்கல அண்ணா, பித்தமா இருக்கும்" என்றான். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் கடையில் இருக்கிறது, விரலில் மாட்டினேன். 98. "98 காட்டுதுப்பா, நெஞ்சு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, வாந்திக்கும் தலைவலிக்கும் மாத்திரை கொடுத்து, போய்த் தூங்கச் சொன்னேன். தூங்கச் சொன்னதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பதினோரு மணிக்கு அவன் அக்கா ஓடிவந்தாள், எழுப்பினால் எழ மாட்டேன் என்கிறான், நிற்க வைத்தால் கால் மடங்குகிறது என்று. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் கட்டி மணிக்கணக்காக வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே தெளிந்துவிட்டான். திரும்பி வந்த அவன் அக்கா சொன்னது: "அந்த மெஷினை நம்பாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு அண்ணா."

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். விரலில் மாட்டும் கருவி இரண்டு வெளிச்சத்தைப் பாய்ச்சி ரத்தத்தின் நிறத்தைத்தான் பார்க்கிறது. ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் ஒட்டினாலும் கார்பன் மோனாக்சைடு ஒட்டினாலும் அந்தக் கருவியின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொள்ளும், உடம்புக்கு ஆக்சிஜன் போகாது, மெஷின் மட்டும் 98, 99 என்று காட்டிக்கொண்டே இருக்கும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ஒட்டிய கார்பன் மோனாக்சைடில் பாதி வெளியேற நான்கு ஐந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்களுக்கு இன்னும் மோசம், அம்மா தெளிந்த பிறகும் குழந்தையின் ரத்தத்தில் அது தங்கும்.

இப்போது கடையில் அந்த ஆக்சிமீட்டர் டப்பாவின் மேல் மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: மூடிய இடத்தில் புகை குடித்தவருக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் இருந்தால் இதை மாட்டாதே, 108 கூப்பிடு.

ஜன்னலைச் சாத்துங்கள்

மூன்றாம் நாள் ஒரு அறிவிப்பு வந்தது, ஆட்டோவில் மைக் கட்டி. பொதுமக்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கவும், ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொள்ளவும், ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொள்ளவும். யார் எழுதிக்கொடுத்தார்களோ, அவர் எங்கள் தெருவைப் பார்த்தவர் இல்லை. பாதி வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, பூனை போகும், புகை போகாதா? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு, உள்ளே நுழைந்த புகை வெளியே போக வழி இல்லாமல் போனதுதான் மிச்சம். அதோடு உள்ளேயே அடுப்பு, கொசுவர்த்திச் சுருள்.

அறிவிப்பு வருவதற்கு முன்பே நானும் முதல் இரண்டு நாள் அதையே கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் பின்தெரு ஆயா ஒருத்தி திருத்தினாள். "காத்தால பத்து மணிக்கு வெளிய நல்லாத்தான கீது, அப்பகூட கதவ சாத்திகினு இருக்கச் சொல்றியே, உள்ள மூச்சு முட்டுது நைனா." அவள் சொன்னதுதான் சரி. புகை கீழே இறங்கியிருக்கும் நேரத்தில் மூட வேண்டும், வெயில் ஏறி வெளியே தெளிந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வீட்டைக் காற்றாட விட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்காரர்களுக்கு அதுவும் பத்தாது, கைக்குழந்தை, வயதானவர்கள், ஏற்கெனவே இழுப்பு உள்ளவர்களை ராத்திரி நேரம் மட்டுமாவது ஊருக்கு மறுபுறம் சொந்தக்காரர் வீட்டுக்கோ, மாடிக்கட்டட ஸ்கூலுக்கோ அனுப்பியிருக்கலாம். ஐந்து ராத்திரி. கல்யாண மண்டபம் காலியாகத்தான் கிடந்தது.

ஈரத்துணி விஷயமும் அப்படித்தான். தண்ணீரில் கரைகிற வாயுவில் கொஞ்சத்தையும் பெரிய கரித்தூளையும் அது பிடிக்கும், எரிச்சல் குறைந்த மாதிரி இருக்கும், அதனாலேயே ஆபத்து, ஏனென்றால் நுண்தூளும் கார்பன் மோனாக்சைடும் அதில் நிற்காது. ஆபரேஷன் தியேட்டர் மாஸ்க்கும் இதற்கு உதவாது. என்-95 முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் தூளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. பெட்டி பெட்டியாகக் கொரோனா மாஸ்க் மிஞ்சிக் கிடந்ததை நான் அந்த வாரம் விற்றுத் தீர்த்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. "கண் எரியலையே, அப்ப ஒண்ணும் ஆகாது" என்று பலர் சொன்னார்கள். தண்ணீரில் நன்றாகக் கரைகிற வாயுக்கள்தான் கண்ணையும் தொண்டையையும் உடனே எரிக்கும், அவை ஒரு வகையில் நல்லவை, ஓடச் சொல்லிவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு மாதிரி குறைவாகக் கரைகிறவை சத்தமில்லாமல் ஆழமாகப் போகும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வர ஒரு நாள்கூட ஆகலாம்.

குழந்தையும் தண்ணீர் பாட்டிலும்

நாலாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அப்பா. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்வாங்கிக்கொண்டிருந்தது, இழுப்புச் சத்தம் கடைக்கு வெளியே கேட்டது. ஏற்கெனவே குழந்தைகள் டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் வீட்டில் இருந்தது, இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாயான ஸ்பேசர் உடைந்துபோய் ஆறு மாதமாம். ஸ்பேசர் இல்லாமல் அந்த வயதுக் குழந்தைக்கு இன்ஹேலர் அடித்தால் மருந்து நாக்கில்தான் போகும். 108க்கு போன் போட்டுவிட்டு, அது வருவதற்குள் கடையிலிருந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் சூடு வைத்த கத்தியால் இன்ஹேலர் வாய் அளவுக்கு ஓட்டை போட்டேன், சுற்றிலும் பிளாஸ்டர் ஒட்டினேன். மருந்து கீழிருந்து பாட்டிலுக்குள், பாட்டில் வாய் குழந்தையின் வாயில், ஒரு அடி, ஐந்தாறு மூச்சு, திரும்ப ஒரு அடி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஆஸ்துமா குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து, காசு கொடுத்து வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது, அழ மூச்சு வந்ததே என்று அந்த அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குழந்தையை ஆம்புலன்ஸ் ஒரு திசைக்குக் கொண்டுபோனது, லோடு பையன் போனது வேறு திசைக்கு. எங்கள் ஊர் மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது. 2019இல் பிரித்த பிறகு இந்தப் பக்கம் வேலூர், அந்தப் பக்கம் திருப்பத்தூர். தாத்தா காலத்தில் எல்லாம் ஒரே வட ஆற்காடு. ஆகவே இந்தப் புகையால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் பெயர்கள் இரண்டு மாவட்ட ரெஜிஸ்டரில், அதிலும் "வைரல் காய்ச்சல்", "சளி", "ஆஸ்துமா" என்று தனித்தனித் தலைப்பில் சிதறிக் கிடக்கின்றன. எந்த ரெஜிஸ்டரிலும் "புகை" என்று ஒரு கட்டம் கிடையாது. யாரும் மறைக்கவில்லை, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இட்லிக்கடை அக்கா

தீ அடங்கிய விடியற்காலை ஊரே அங்கே நின்றதால், எங்கள் தெருமுனை இட்லிக்கடை அக்கா அடுப்பையும் அண்டாவையும் குடோனுக்கு எதிரிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டாள். நல்ல வியாபாரம். நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் கனல் புகையிலேயே நின்றிருக்கிறாள். அதுவரை அவள் பெயரில் என் புத்தகத்தில் முட்டி வலி மாத்திரையைத் தவிர வேறு இல்லை. அன்று சாயங்காலம் வந்து, "நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது தம்பி, கேக்குதா உனக்கு?" என்றாள். கேட்டது.

இருமல் சிரப் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும். இரண்டாவது வாரம் ஆன்டிபயாட்டிக் எழுதி ஒரு சீட்டு கொண்டுவந்தாள், அதுவும் போனது. தாளிக்கிற வாசனை, ஊதுவத்தி, விடியற்காலைப் பனி, எது பட்டாலும் இழுப்பு. மூன்றாவது மாதம் வேலூரில் நெஞ்சு டாக்டர் ஊதச்சொல்லிப் பரிசோதித்து, இது ஆஸ்துமா மாதிரிதான், ஆனால் அன்றைய புகையால் வந்தது என்று சொல்லி தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதினார். இதற்கு 1985லேயே பெயர் வைத்திருக்கிறார்கள், சுருக்கமாக ராட்ஸ். முன்னால் மூச்சுத் தொந்தரவு இல்லாதவர், ஒரே ஒரு தடவை அடர்த்தியான எரிச்சல் புகையில் மாட்டி, 24 மணி நேரத்துக்குள் இழுப்பு தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதுதான். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்தபோது புழுதிக்குள் வேலை செய்த தீயணைப்பு வீரர்களிடமும் இதைப் பார்த்தார்கள்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பது வருஷமா வெறகடுப்புல நிக்கறேன், அப்ப வராதது ஒரு நாள்ல வந்துடுமா?" நியாயமான கேள்வி. முப்பது வருட விறகுப் புகை அந்த மூச்சுக்குழாயை ஏற்கெனவே புண்ணாக்கி வைத்திருக்கும், அன்றைய அமிலப்புகை அதன் மேல் விழுந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் நஷ்ட ஈடு கேட்கப் போனால் எதிராளி சொல்லப்போவதும் இதையேதான்: விறகடுப்பு அம்மா, உங்களுக்கு எப்படியும் வந்திருக்கும்.

சாம்பலில் பக்கிள் பொறுக்கியவர்கள்

ஆறாம் நாள் ஜேசிபி வந்து மூட்டைகளைக் கிளறித் தண்ணீர் ஊற்றியது, அத்தோடு கனல் முடிந்தது. முதல் நாளே கிளறியிருந்தால் ஐந்து ராத்திரிப் புகை ஒரு ராத்திரியோடு போயிருக்கும். மறுநாளிலிருந்து இரும்புக்கடைக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சாம்பலில் இறங்கினார்கள். பக்கிள், ஐலெட், ஜிப், எல்லாம் காசு. வெறுங்கால், வெறுங்கை. ஒரு பையன் கடைக்கு வந்து கையைக் காட்டினான், விரல் இடுக்கில் சிவந்து வெடித்து, மூக்கு நுனியில் புண் மாதிரி.

குரோமிய உப்பால் பதனிட்ட தோலில் இருப்பது மூவிணைதிறக் குரோமியம், அது அவ்வளவு கெடுதல் இல்லை. அதையே நல்ல காற்றோட்டத்தில் எரித்தால் ஒரு பகுதி ஆறிணைதிறக் குரோமியமாக மாறும். அது தோலைப் புண்ணாக்கும், மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியானது, தண்ணீரிலும் சுலபமாகக் கரையும். அதனால் அந்தச் சாம்பலைக் காய்ந்தபடி கூட்டக்கூடாது, நிலத்துக்கு எருவாக அள்ளிப் போகக்கூடாது, நனைத்து, மூடி, ஆபத்தான கழிவு போடும் இடத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் பாதி, மழைக்குக் காத்திருந்து கால்வாயில் போயிற்று.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், குரோமியம் என்ற சொல்லை இந்த ஜில்லாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் குரோமேட் கம்பெனி மூடி எத்தனையோ வருடம் ஆகியும் கழிவு மலை அங்கேயே நின்றது எல்லாருக்கும் தெரியும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதற்காகப் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை, வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கு என்று நாடு முழுக்க சட்டக்கல்லூரிகளில் படிக்கிறார்கள். மாசு செய்தவரே செலவைக் கொடுக்க வேண்டும், தீங்கு நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கையும் இந்திய சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அந்த வழக்கு தண்ணீரைப் பற்றியது, அதனால் எங்களுக்குத் தண்ணீரைத்தான் பார்க்கத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினால் ஊரே திரளும், புகை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம்.

எண்ணியவர்கள்

2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு பற்றிக்கொண்டபோதும் இதே கதைதான், கொழுந்தைவிடக் கனல்தான் ஊரைப் படுத்தியது, முழுசாக அணைக்க ஏறக்குறைய இரண்டு வாரம். ஸ்கூல்களுக்கு லீவு விட்டார்கள், ஆஷா பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி இருமல், மூச்சுத்திணறல் யாருக்கு என்று கேட்டார்கள், பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆஸ்திரேலியாவில் மோர்வெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் 2014 பிப்ரவரியில் நிலக்கரிச் சுரங்கம் 45 நாள் எரிந்தது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் தற்காலிகமாக வேறு இடம் போகலாம் என்று சொல்லவே அங்கே மூன்று வாரம் ஆயிற்று, அதற்காக நன்றாகத் திட்டும் வாங்கினார்கள். ஆனால் அப்புறம் அந்த ஊர்க்காரர்களைப் பதிந்துகொண்டு வருடக்கணக்கில் நெஞ்சையும் இதயத்தையும் பரிசோதித்து வந்தார்கள்.

வெளிநாடு வரைக்கும் போவானேன். 1980களில் இதே வட ஆற்காட்டில் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் நடத்திய நோய்க் கண்காணிப்பு முறை இருந்தது, நதி என்று அழைத்தார்கள், வட ஆற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்று பாராமல், குறிப்பிட்ட நோய் ஒன்றைப் பார்த்தால் டாக்டர் ஒரு தபால் கார்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிடையாது, செல்போன் கிடையாது. கார்டுகள் ஒரே ஊரிலிருந்து குவிந்தால் அங்கே ஆள் போகும். 1998இல் லான்செட் மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார்கள், மற்ற நாடுகளுக்கு மாதிரி என்று.

அந்தக் கார்டில் புகைக்கு இடம் இல்லை, அது தொற்றுநோய்க்கானது. ஆனால் வேலை ஒன்றுதான்: சிதறிக் கிடப்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது. எங்கள் கிராம சுகாதார செவிலியர் அக்காவும் நானும் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறோம். தேதி, தெரு, வயது, என்ன தொந்தரவு, அன்று எந்தப் பக்கம் புகை. பெயர் எழுதுவதில்லை. கம்பெனிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் எதுக்குங்க, தொழில் நடக்கற ஊரு" என்றார். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. என் தங்கச்சி வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில்தான் இருக்கிறார், இந்த ஊர் சோறு தின்பதே அதில். நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: குடோன் கதவில், உள்ளே என்ன சரக்கு எவ்வளவு என்று தமிழில் ஒரு போர்டு. தீயணைப்பு வண்டி வரும்போது வாட்ச்மேனைத் தேட வேண்டாம், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால் சொல்ல முடியும். இரண்டு குடோனில் மாட்டியிருக்கிறார்கள். ஒன்றில் "தோல் பொருட்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

லோடு பையன் நன்றாக இருக்கிறான், பெங்களூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். பாட்டில் ஸ்பேசர் குழந்தைக்குப் புது ஸ்பேசர் வாங்கிவிட்டார்கள்.

இந்த வருடம் போகி அன்று விடியற்காலை யாரோ டயரைக் கொளுத்திவிட்டார்கள், கருப்பாகத் தெருவில் இறங்கியது. கடை திறக்கவே இல்லை, வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம். இட்லிக்கடை அக்கா, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பேச முடியாமல் கையால் மட்டும் காட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவளுக்கு இன்ஹேலரைக் கொடுத்து, ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, நோட்டில் தேதியை எழுதினேன்.